பிரம்புக் கூடையில் சவர்டோ: சென்னையில் நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

சவர்டோ என்பது ஸ்டார்ட்டர் (மாவும் தண்ணீரும் கலந்து புளிக்கவைத்த கலவை) சேர்த்துப் புளிக்கவைத்துச் சுடும் ரொட்டி. பிசைந்து வடிவம் கொடுத்த மாவைப் பிரம்புக் கூடையில் வைத்துப் புளிக்கவிட்டு, சுடும் முன் கவிழ்த்து எடுப்போம். 500 கிராம் மாவு, 350 கிராம் தண்ணீர், 100 கிராம் ஸ்டார்ட்டர், 10 கிராம் உப்பு. இந்த அளவுக்கு 22 செ.மீ. வட்டக் கூடை போதும். கூடை பெரிதானால் மாவு மேலெழாமல் பக்கவாட்டில் பரவும்.

புதுக் கூடையை அப்படியே பயன்படுத்தினால் மாவு ஒட்டிக்கொள்ளும். உள்ளே லேசாகத் தண்ணீர் தெளித்து, அரிசி மாவு தூவி, இடுக்குகளில் தேய்த்துக் காயவிட வேண்டும். இரண்டு மூன்று முறை செய்தால் பழகிவிடும். மைதா ஈரத்தை இழுத்துப் பசையாகிவிடும். அரிசி மாவில் குளூட்டன் இல்லாததால் அந்தத் தொல்லை குறைவு. கடையில் கிடைக்கும் வறுத்த இடியாப்ப மாவு நைஸாக இருப்பதால் தூவுவதற்கு ஏற்றது. ஊறவைத்து இடித்த ஈர மாவு கூடவே கூடாது. ஆட்டா அதிகம் கலந்த மாவுக்கு இதுவும் போதாது. பழைய வேட்டித் துணியை உள்ளே விரித்து, அதன்மேல் அரிசி மாவு தூவுங்கள். பிரம்பின் வரி விழாது, ரொட்டி கிழியாமல் வரும்.

நம் ஊரில் பலருக்குத் தவறுவது ஃப்ரிட்ஜ் விஷயத்தில்தான். பிரம்பு வெப்பத்தை எளிதில் கடத்தாது. 30 டிகிரியில் இருக்கும் மாவு கூடைக்குள் மெதுவாகத்தான் குளிரும். அதுவரை புளிப்பு ஓடிக்கொண்டே இருக்கும். வெளிநாட்டுக் குறிப்பில் சொன்னபடி ஒரு மணி நேரம் வெளியே வைத்தால், மறுநாள் கவிழ்க்கும்போது தோசை மாதிரி படர்ந்துவிடும். வடிவம் கொடுத்ததும், மடிப்புப் பக்கம் மேலே இருக்கும்படி வைத்து, பிளாஸ்டிக் பையால் மூடி, உடனே ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிடுங்கள். மூடாவிட்டால் மேல்தோல் காய்ந்துவிடும். கவிழ்த்தும் விழாவிட்டால் இழுக்காதீர்கள். அரை நிமிடம் விட்டால் தன் எடையிலேயே இறங்கும்.

கழுவ வேண்டாம், சோப்பு வேண்டவே வேண்டாம். காய்ந்த பிரஷால் தட்டிவிட்டு வெயிலில் வைத்தால் போதும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வெயிலை நம்ப முடியாது. ரொட்டி எடுத்தபின் ஓவனை அணைத்து, அது 100 டிகிரிக்குக் கீழே இறங்கியதும் கூடையை அரை மணி நேரம் உள்ளே வையுங்கள். மூடிய அலமாரியில் ஈரத்தோடு வைத்தால் பூஞ்சைதான். லேசான வெள்ளைப் பூஞ்சையைத் தேய்த்தெடுத்துச் சூடேற்றிப் பார்க்கலாம். கறுப்பு இறங்கிவிட்டால் தூக்கிப் போடுங்கள்.

எப்போதாவது சுடுபவர்கள் இதற்குக் காசு செலவழிக்க வேண்டியதில்லை. துணி விரித்த ஸ்டீல் வடிகட்டியே போதும்; அது சீக்கிரம் குளிரவும் செய்யும். வாரந்தோறும் சுடுபவர்களுக்குக் கூடை லாபம்தான், இடுக்கில் தங்கும் மாவை வண்டு மோப்பம் பிடிப்பதற்குள் தட்டிவிட்டால்.