வெள்ளவத்தையில மணித்தியாலக் கணக்குக்கு வாடகைக்கு விடுற பாட்டு ரூம், ஆறு மாசம் போன அனுபவம்

இடத்தின்ர பேரைப் போடேல்ல, ரூமை நடத்துற அண்ணாதான் வேண்டாம் எண்டவர், இப்பவே ஆக்கள் கூடிப்போச்சாம். காலி வீதியில 100, 101 ஏதாவது பஸ்ஸில வந்து இறங்கி கடல் பக்கமா நடந்தா ஒரு ஒழுங்கையில, மேல் மாடியில. மணித்தியாலத்துக்கு 1,500 ரூபா, ரெக்கோர்ட் பண்ணித் தாறதெண்டா காசு வேற.

நான் பாட்டுக்காரி இல்ல. போன வருசம் டிப்ரெஷன் எண்டு டொக்டர் குளிசை எழுதித் தந்தவர், அது வேலை செய்யத் தொடங்க சில கிழமை எடுக்கும் எண்டும் சொன்னவர், ஆனா அந்தச் சில கிழமையை எப்பிடிக் கடத்துறது எண்டு ஆரும் சொல்லேல்ல. அம்மாவுக்கு அது சோம்பல், பெரியம்மாவுக்கு கண்ணூறு, மச்சான் ஒராள் "அங்கொட கேஸ்" எண்டு சிரிச்சவர். (அங்கொடையில இருக்கிறது தேசிய மனநல நிறுவனம். அவையின்ர ஃபோன் இலக்கம் 1926க்கு அடிச்சா ராவிலயும் தூக்குவினம், மச்சானுக்கு ஒருநாள் தேவைப்பட்டா பாவிக்கட்டும்.) கனடா போன தம்பி விட்டிட்டுப் போன யமஹா எஃப்310 கிற்றார் அலுமாரிக்கு மேல கிடந்தது. ஆனா எங்கட ஃப்ளாட்டில பக்கத்து வீட்டு அன்ரியின்ர குக்கர் எத்தினை விசில் அடிச்சதெண்டு எனக்குத் தெரியும், அப்ப நான் அழுது அழுது பாடினா அவவுக்குத் தெரியாமப் போகுமோ? அதுக்குத்தான் ரூம் தேடினனான்.

முதல் நாள் ஒரு மணித்தியாலமும் கிற்றாரை மடியில வச்சுக்கொண்டு சும்மா இருந்தன். அண்ணா வந்து பாத்தார், ஒண்டும் கேக்கேல்ல, "கடல் காத்துக்கு கம்பியெல்லாம் கறள் பிடிச்சிட்டுது தங்கச்சி, குடுங்கோ" எண்டு ஆறையும் மாத்தித் தந்திட்டு கம்பிக் காசை மட்டும் எடுத்தவர். அண்டைக்கே அடுத்த கிழமைக்கும் புக் பண்ணிட்டன், காசு கட்டினபடியா எழும்பித்தான் ஆகவேணும், அந்த நாளையில குளிக்கிறதுக்கே எனக்கு அதைவிட வேற காரணம் இருக்கேல்ல.

பாட்டெழுதுறது பிறகு வந்தது. நான் எழுதிக்கொண்டு போன முதல் பாட்டு முழுக்க இருள், வலி, தனிமை. வாசிச்சுப்போட்டு அண்ணா கேட்டது ஒரே கேள்விதான், "உங்கட அறையில இப்ப என்ன கிடக்கு?" என்ன கிடக்கு, கழுவாத பிளேன்ரீ கோப்பைதான். அண்டைக்கு ராத்திரி "மேசையில மூண்டு கோப்பை, மூண்டிலயும் எறும்பு வரிசை" எண்டு தொடங்கினன், விடிய எழும்பிப் பாக்க எனக்கே சிரிப்பு வந்தது, கோப்பையையும் கழுவிட்டன்.

இன்னொரு பகிடி. மெட்டை முதல் போட்டிட்டு அதுக்கு வரி தேடினா குறில் வாற இடத்தில மெட்டு இழுபடும். "என்ர மனம் போச்சு" எண்டு பாடுறன், ரெக்கோர்ட் பண்ணினதைத் திருப்பிக் கேக்கேக்க "என்ர மானம் போச்சு" எண்டு நிக்குது! ஒரு முழுக் கிழமை அந்த ஒரு சொல்லுக்கு வேற சொல் தேடினன், கடைசியா "நெஞ்சு" எண்டு மாத்த சரியா வந்தது. ஒரு கிழமை முழுக்க மண்டைக்குள்ள வேற ஒரு வேலை நடந்திருக்கு பாருங்கோ, அது எனக்குப் பெரிய விசயம்.

சவுண்ட் பற்றிச் சொன்னா, ரயில் தண்டவாளம் கடற்கரையோரமாத்தான் போகுது, ரெக்கோர்டிங்கில நல்லாப் பாடி வரேக்க கட்டாயம் ஒரு ரயில் வரும். வச்சிருக்கிறது ஷூர் எஸ்எம்58, டைனமிக் மைக், வாய்க்கு முன்னால இருக்கிறதைத்தான் கூடுதலா எடுக்கும், சின்னச் சத்தத்தையும் பிடிக்கிற கண்டென்ஸர் மைக் எண்டா ரயில் முழுசா ஏறியிருக்கும். என்ர பாட்டின்ர கடைசியில லேசா ஒரு ரயில் இருக்கு, வெட்டவா எண்டு கேட்டார், நான் விடச் சொல்லிட்டன்.

குறை இல்லாம இல்ல. ஏசி ஒழுகும், கீழ வாளி. வட்ஸ்அப்பில மறுமொழி வர ரெண்டு நாள் எடுக்கும். ஒருக்கா ஒரே நேரத்துக்கு ரெண்டு பேருக்குக் குடுத்திட்டார், நான் ஏலாத ஒரு நாளில என்னை இழுத்துக்கொண்டு வந்து பாத்தா உள்ளுக்க ஒரு பாண்ட் பெடியள் ட்ரம்ஸ் அடிக்கிறாங்கள், படியிலயே இருந்து அழுதனான். பிறகு ஃப்ரீயா ஒரு மணித்தியாலம் தந்தவர்தான், எண்டாலும் அந்த நாள் அந்த நாள்தானே. பொம்பிளைப் பிள்ளையள் தனியப் போறதுக்குப் பயமில்லை, கதவு கண்ணாடி, கீழ கடை ராத்திரி வரைக்கும் திறந்திருக்கும்.

ஒண்டு சொல்லிட வேணும், இது மியூசிக் தெரபி இல்ல, அண்ணா தெரபிஸ்டும் இல்ல. மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்துப் பாக்கிற கொக்ரேன் அமைப்பின்ர 2017 ஆய்வுத் தொகுப்பு ஒண்டு, வழமையான சிகிச்சையோட மியூசிக் தெரபியும் சேர்ந்தா டிப்ரெஷன் குறையுது எண்டு சொல்லுது, அதுவும் குறுகிய காலத்துக்குத்தான் பாத்திருக்கினம். சிகிச்சையோட சேர்த்து எண்டதைக் கவனியுங்கோ. என்ர குளிசை இன்னும் போகுது, பாட்டு நல்லா வந்த கிழமையிலயும் நிப்பாட்டேல்ல.

அஞ்சுக்கு நாலு குடுப்பன், ஒழுகுற ஏசிக்கு ஒண்டு வெட்டு. புக் பண்ணுறவை சனிக்கிழமை காலமை 10 மணியை மட்டும் கேக்காதேங்கோ, அது என்ர.