கேசட் வீடியோவின் ஒலியைச் சரிசெய்து தருவதாகச் சொல்பவர்களிடம் முழுப் பணத்தையும் முன்கூட்டியே கொடுக்காதீர்கள்

என் அரை மாதச் சம்பளம் திரும்பி வராது என்பது நேற்று இரவு உறுதியாகிவிட்டது. பழைய வீட்டு வீடியோ கேசட்டுகளைக் கணினிக்கு மாற்றும்போது படமும் ஒலியும் பொருந்தாமல் போன பதிவுகளைச் சரிசெய்து தருவதாக இணையத்தில் விளம்பரம் செய்யும் ஒரு சேவையிடம்தான் அந்தப் பணம் போனது.

நான் அவர்களுக்கு அனுப்பியது, பாட்டி உறவினர்களுடன் பேசிக்கொண்டிருக்கும் ஒரு மணி நேரப் பதிவு. தொடக்கத்தில் உதட்டசைவுக்குச் சற்றே பின்தங்கும் குரல், போகப்போக மேலும் பின்தங்கி, முடிவில் பாட்டி வாயை மூடி மூன்று நொடி கழிந்த பிறகும் ஒலித்துக்கொண்டிருக்கும். இதையெல்லாம் விளக்கமாக எழுதியிருந்தேன். மறுநாளே இரண்டு நிமிட மாதிரி ஒன்றை அனுப்பினார்கள். அதில் ஒவ்வொரு சொல்லும் உதட்டோடு அப்படியே பொருந்தியது. பாட்டி எதிரே உட்கார்ந்து பேசுவது போலிருந்தது. முழுத் தொகையும் வந்தால்தான் முழுக் கோப்பையும் தருவோம் என்றார்கள். அந்த இரண்டு நிமிடத்தைப் பார்த்த மகிழ்ச்சியில் அரை மாதச் சம்பளத்தை அப்போதே அனுப்பினேன்.

வந்த கோப்பில் முதல் சில நிமிடங்கள் மட்டுமே சரியாக இருந்தன. பழைய ஒலியையும் புதிய ஒலியையும் ஓர் ஒலித்தொகுப்பு மென்பொருளில் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, அரை நொடிக்கும் குறைவாக மொத்த ஒலியையும் முன்னே நகர்த்தியதைத் தவிர அவர்கள் வேறு எதையும் தொடவில்லை என்பது தெரிந்தது. பழைய நாடாவிலிருந்து வரும் சமிக்ஞை நேரம் தவறித் தடுமாறும்போது கணினியில் பதிவுசெய்யும் கருவி சில ஃப்ரேம்களை, அதாவது வீடியோவை உருவாக்கும் தனித்தனிப் படங்களை, தவறவிடுகிறது, ஆனால் ஒலி தடையின்றிப் பதிவாகிக்கொண்டே போகிறது. நொடிக்கு 25 ஃப்ரேம் கொண்ட பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறையில் 75 ஃப்ரேம்கள் விடுபட்டாலே படம் ஒலியைவிட 3 நொடி குறுகிவிடும். அப்படிக் குறுகிய படத்துக்கு ஒலியை ஒரே அளவில் நகர்த்தினால் தொடக்கம் மட்டுமே பொருந்தும். மாதிரியைத் தொடக்கத்திலிருந்து எடுத்துத் தந்தவர்களுக்கு இது தெரியாமல் இருந்திருக்காது என்றே நான் நம்புகிறேன்.

கேட்டபோது, வேறு பிளேயரில் போட்டுப் பாருங்கள் என்றார்கள்; போட்டேன், மாற்றமில்லை. பிறகு என் கணினி மெதுவானது என்றார்கள். அடுத்து, மூல நாடாவிலேயே அப்படித்தான் பதிவாகியிருக்கும் என்றார்கள். எனக்கு ஆத்திரம் பொங்கியது இங்கேதான், ஏனெனில் அதே கேசட்டை விசிஆரில் போட்டுத் தொலைக்காட்சியில் பார்த்தால் கடைசி நிமிடம்வரை குரல் பிசகுவதே இல்லை. அதைக் கைபேசியில் படமெடுத்து அனுப்பியதும் பதில் மாறியது: இது உயர்நிலைத் திருத்தம், இன்னொரு முறை அதே தொகையைச் செலுத்த வேண்டும். கொடுத்ததைத் திருப்பிக் கேட்டதற்கு, டிஜிட்டல் சேவைக்குப் பணம் திரும்பத் தரப்படாது என்று ஒற்றை வரி. அதன்பின் பதிலே இல்லை. ஒலியை நகர்த்தும் ஒரு சொடுக்குக்கு அரை மாதச் சம்பளம்!

சரிசெய்யும் முறைகளை விரிவாக எழுதவே உட்கார்ந்தேன், இப்போது அதற்கு மனம் இல்லை. பிசகு சீராக வளர்ந்தால், குரலின் சுருதி மாறாமல் ஒலியின் நீளத்தைப் படத்தின் நீளத்துக்குச் சுருக்கினால் போதும். அதை இலவச மென்பொருளிலேயே செய்யலாம். பிசகு திடீர் திடீரென்று தாவினால், தாவும் இடங்களில் ஒலியை வெட்டிப் பொருத்த வேண்டும், அல்லது நாடாச் சமிக்ஞையின் நேரத் தடுமாற்றத்தைச் சீராக்கும் டைம் பேஸ் கரெக்டர் என்ற கருவியை இணைத்து நாடாவை மறுபடி பதிவுசெய்ய வேண்டும். அதனால் கேசட்டை எறிந்துவிடாதீர்கள். யாரிடமாவது கொடுப்பதானால் மாதிரியைப் பதிவின் கடைசி ஐந்து நிமிடத்திலிருந்து கேளுங்கள். தர மறுத்தால் பணம் அனுப்பாதீர்கள்.