மாதவிடாய் நாளைத் தள்ளிப்போட எந்த மாத்திரை?

சித்தி மகளுக்கு வெள்ளிக்கிழமை முகூர்த்தம். புதன் ராத்திரி போன் செய்தாள்: "அக்கா, நாளைக்குத் தேதி. மெடிக்கல்ல ஒரு அட்டை வாங்கிட்டேன், போட்டுக்கவா?" கையில் இருந்தது நோரெத்திஸ்டிரோன் 5 மில்லிகிராம். சரியான மாத்திரைதான், ஆனால் தொடங்க வேண்டிய நாள் கடந்துவிட்டது. போட்டும் பார்த்தாள். தாலி ஏறும் முன்பே வந்துவிட்டது.

தள்ளிப்போட வழக்கமாகத் தரும் நம்பகமான மாத்திரை இரண்டு வகை. ஒன்று பிரிமோலுட்-என், ரெஜெஸ்ட்ரோன் என்ற பெயர்களில் கிடைக்கும் இந்த நோரெத்திஸ்டிரோன். இன்னொன்று தினசரிக் கருத்தடை மாத்திரை. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகத் தரும் மாலா-என் இந்த வகை. எது நல்லது என்று யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: விசேஷத்துக்கு இன்னும் எத்தனை நாள்?

புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனின் அளவு இறங்கும்போதுதான் கர்ப்பப்பையின் உட்சுவர் உதிரத் தொடங்குகிறது. அந்த இறக்கம் தெரியாமல், அதே வேலையைச் செய்யும் நோரெத்திஸ்டிரோன் முட்டுக்கொடுக்கிறது. அதனால் தேதிக்கு மூன்று நாள் முன்பே தொடங்க வேண்டும். வழக்கமான அளவு, ஒரு நாளைக்கு மூன்று வேளை, வேளைக்கு ஒன்று. தேதி 10, முகூர்த்தம் 12 என்று வைத்துக்கொள்ளுங்கள். 7ஆம் தேதி காலையில் தொடங்கி 13 இரவு வரை போட்டால் 21 மாத்திரை. பத்து மாத்திரை அட்டை இரண்டு, கூடவே கத்தரித்து வாங்கிய ஒன்று. நிறுத்தி இரண்டு மூன்று நாளில் வந்துவிடும். ஒரு வாரமாகியும் வரவில்லையென்றால் கர்ப்பப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

கல்யாணப் பெண்ணுக்கு யாரும் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. இப்படிச் சில நாள் போடும் நோரெத்திஸ்டிரோன் கருத்தடை ஆகாது. ஹார்மோன் மாத்திரைதானே என்று நம்பித் தேனிலவுக்குக் கிளம்புகிறார்கள். அங்கே ஆணுறையோ வேறு ஏதாவதோ தனியாக வேண்டும்.

கருத்தடை மாத்திரையில் இந்தத் தொல்லை இல்லை. முந்தைய மாதவிடாயின் முதல் ஐந்து நாளுக்குள் தொடங்கினால் கருத்தடையும் ஆச்சு, தள்ளிப்போடலும் ஆச்சு. மாலா-என் அட்டையில் 21 ஹார்மோன் மாத்திரை, 7 இரும்புச்சத்து மாத்திரை. அந்த ஏழையும் விட்டுவிட்டு நேராக அடுத்த அட்டைக்குப் போனால் போதும். "கெட்ட ரத்தம் உள்ளே தேங்கிடாதா?" என்று அம்மாக்கள் கேட்பார்கள். தேங்காது, மாத்திரை போடும்போது உட்சுவர் அதிகம் தடிக்காது. தேதி ஒழுங்கில்லாதவர்களுக்கு இதுதான் தோது, ஏனென்றால் "மூன்று நாள் முன்பு" என்பதையே அவர்களால் எண்ண முடியாது. குறை என்னவென்றால் மாதக்கணக்கில் முன்யோசனை வேண்டும், புதிதாகத் தொடங்குபவர்களுக்கு இடையிடையே கசிவு வரலாம். அப்புறம், "கல்யாணத்துக்கு முன்னாடியே கருத்தடை மாத்திரையா?" என்று வீட்டில் எழும் கேள்வி. எனக்குத் தெரிந்து பாதிப் பேர் அந்தக் கேள்விக்குப் பயந்தே கடைசி நேர அட்டைக்கு வருகிறார்கள்.

வயிற்று உப்புசம், மார்பக வலி, குமட்டல், எரிச்சல் எல்லாம் இரண்டிலும் வரலாம். பாதுகாப்பு என்று பார்த்தால் ரத்தக்கட்டிதான் பெரிய கவலை. நோரெத்திஸ்டிரோனில், ரத்தக்கட்டி வாய்ப்பைக் கூட்டும் ஈஸ்ட்ரஜன் ஹார்மோன் இல்லை, அதனால் பயமில்லை என்பது பாதி உண்மை. ஒரு நாளைக்கு 15 மில்லிகிராம் போகும்போது அதில் சிறு பங்கு உடலுக்குள் ஈஸ்ட்ரஜனாக மாறுகிறது. தனக்கோ நெருங்கிய ரத்த உறவிலோ ரத்தக்கட்டி வந்திருந்தால், உடல் எடை மிக அதிகமாக இருந்தால், கண்முன் மின்னல் வெட்டும் ஒற்றைத் தலைவலி இருந்தால், டாக்டரிடம் அதைச் சொல்லாமல் இரண்டையுமே தொடக்கூடாது. அப்படிப்பட்டவர்களுக்கு மெட்ராக்ஸிபுரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோன் மாத்திரை ஒரு மாற்று. அது ஈஸ்ட்ரஜனாக மாறுவதில்லை. வலிப்புக்கோ காசநோய்க்கோ மருந்து எடுப்பவர்களும் சொல்லிவிட வேண்டும்; சில மருந்துகள் இந்த ஹார்மோனின் வேலையைக் குறைத்துவிடும். மாத்திரை போடும் நாட்களில் ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ, கல்யாண வேலையைப் போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

மற்றதெல்லாம் போட்டியிலேயே இல்லை. டிரானெக்ஸாமிக் அமிலம் ரத்தப்போக்கைக் குறைக்கும், நாளைத் தள்ளாது. உறவுக்குப் பிந்தைய அவசர மாத்திரை போட்டால் தேதி எந்தப் பக்கம் குழம்பும் என்று சொல்லவே முடியாது. நாள் தள்ளிப்போகும் என்று நம்பி வெறும் வயிற்றில் பொட்டுக்கடலை சாப்பிட்டால் பசிதான் அடங்கும்.

சித்தியின் சின்ன மகள் அக்காவைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். தன் கல்யாணத்துக்கு இரண்டு மாதம் முன்பே டாக்டரைப் பார்த்து, மாதவிடாயின் இரண்டாம் நாள் கருத்தடை மாத்திரையைத் தொடங்கினாள். மூன்றாம் வாரம் லேசாகக் கசிவு, அவ்வளவுதான். முகூர்த்தத்தன்று மாலைப் பைக்குள் ஒரு நாப்கினையும் சேர்த்தே வைத்திருந்தாள். அது தேவைப்படவில்லை.