13 ஏறாது, 14 சுற்றும்: பழைய பிரிட்டிஷ் காருக்கு வாங்கிய ஸ்பானர்கள்

1951 எம்.ஜி. டி.டி. என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைப் பிரித்துப் போட்டு இரண்டு வருஷம் ஆகிறது. முதல் நாள் சேஸிஸில் ஒரு நட்டில் 13 எம்.எம். ஸ்பானரை வைத்தேன், ஏறவில்லை. 14 வைத்தேன், நட்டு அப்படியே இருக்க ஸ்பானர் மட்டும் சுற்றியது. அரை அங்குல ஏ.எஃப். (நட்டின் எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடையிலான அகலத்தை அங்குலத்தில் சொல்லும் ஸ்பானர்) கிட்டேயே போகவில்லை. வெர்னியர் வைத்து அளந்தால் 0.525 அங்குலம், அதாவது 13.34 எம்.எம். இது 5/16 பி.எஸ்.எஃப். (பழைய பிரிட்டிஷ் நெருக்க மரை) நட்டு, இதற்கு விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் அளவில் செய்த ஸ்பானர்தான் வேண்டும், வேறு எதை வைத்தாலும் முனை மழுங்கும்.

குழப்பம் எங்கே என்றால் ஸ்பானரில் அடித்திருக்கும் எண்ணில். ஏ.எஃப். ஸ்பானரில் 1/2 என்று இருந்தால் வாய் அரை அங்குலம், அவ்வளவுதான். விட்வொர்த் ஸ்பானரில் 1/4 என்று இருந்தால் அது போல்ட்டின் மரை விட்டம், வாயோ 0.525. அதே ஸ்பானர்தான் 5/16 பி.எஸ்.எஃப்.புக்கும். போர்க்காலத்தில் இரும்பு மிச்சம் பிடிக்க விட்வொர்த் போல்ட்டின் தலையை ஒரு அளவு குறைத்துவிட்டார்கள், அதனால் அதற்குப் பிறகு வந்த கால் அங்குல விட்வொர்த் போல்ட்டுக்கு 1/4 W (W என்றால் விட்வொர்த்) ஸ்பானர் பெரிதாக இருக்கும், 3/16 W எடுக்க வேண்டும். எண்ணை நம்பாதீர்கள், வாயை அளந்து வாங்குங்கள். 3/16 W என்றால் 0.445, 5/16 W என்றால் 0.600, 3/8 W என்றால் 0.710. இந்தக் கடைசி ஒன்றுக்கு 18 எம்.எம். ஏறக்குறைய சரியாக உட்காரும், மற்றவற்றுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

சரி, வாங்கியவற்றுக்கு வருகிறேன்.

முதலில் வாங்கியது இணையத்தில் மலிவாகக் கிடைத்த புது காம்பினேஷன் செட் (ஒரு முனை திறந்த வாய், மறுமுனை ரிங்), பெயர் வேண்டாம். பளபளவென்று இருந்தது, பையும் நன்றாக இருந்தது. 0.525 இருக்க வேண்டிய வாய் என் வெர்னியரில் 0.541. புது நட்டில் சமாளிக்கும், எழுபது வருஷம் துருப்பிடித்துச் சுருங்கிய நட்டில் வழுக்கி மூன்று நட்டை மொட்டையாக்கியது. அதோடு ரிங் பக்கத்தின் சுவர் தடிமன், நெருக்கமான இடத்தில் நட்டுக்கும் பக்கத்துச் சுவருக்கும் நடுவே நுழையவே இல்லை. இப்போது பெயிண்ட் டின் திறக்க உதவுகிறது.

இரண்டாவது, இங்கிலாந்தின் ப்யூலியில் செப்டம்பரில் நடக்கும் ஆட்டோஜம்பிள் என்ற பழைய கார் சாமான் சந்தையில் பொறுக்கியது. கிங் டிக், பிரிட்டூல் என்று பழைய இங்கிலாந்து ஸ்பானர்கள், தகர டப்பாவில் குவியலாகக் கிடக்கும். குரோம் உரிந்திருக்கும், பழைய சொந்தக்காரர் தன் பெயரின் முதல் எழுத்தை அரத்தால் கீறியிருப்பார், அதைப் பற்றிக் கவலை வேண்டாம். பார்க்க வேண்டியது வாய் விரிந்திருக்கிறதா என்பது மட்டும். நான் சட்டைப் பையில் அளவு சரியான புது போல்ட் இரண்டைப் போட்டுக்கொண்டு போவேன், டப்பாவில் கைவிட்டு எடுக்கும் ஒவ்வொன்றையும் அதில் மாட்டி ஆட்டிப் பார்ப்பேன், ஆடினால் திரும்ப டப்பாவுக்கு. விற்பவர்கள் முறைப்பார்கள், முறைக்கட்டும். பத்தில் மூன்று தேறும், ஆனால் தேறிய மூன்றும் அந்தப் புது செட்டைத் தோற்கடிக்கும்: மெல்லிய சுவர், இறுக்கமான வாய், கையில் வலிக்காத நீளம். ஸ்பானரைப் பொறுத்தவரை என் ஓட்டு இதற்குத்தான். முழு செட் தேடி அலையாதீர்கள், 3/16, 1/4, 5/16, 3/8 நான்கும் இரட்டையாக இருந்தால் பெரும்பாலான வேலை முடிந்துவிடும்.

சாக்கெட்டில் மட்டும் பழையதை நம்பவில்லை. பழைய சாக்கெட்டுகள் பெரும்பாலும் பன்னிரண்டு முனை, உள்ளே தேய்ந்திருப்பது கண்ணுக்குத் தெரியாது. அதனால் ஜப்பானின் கோக்கன் போடும் ஆறு முனை விட்வொர்த் சாக்கெட்டுகளைப் புதிதாக, ஒவ்வொன்றாக வாங்கினேன். விலை வலிக்கும். ஆனால் துருப்பிடித்த நட்டில் தட்டி ஏற்றினால் உட்கார்ந்து அசையாமல் பிடிக்கிறது, இதுவரை ஒரு நட்டும் மொட்டையாகவில்லை. ஆர்டர் போடும்போது ஒரு எச்சரிக்கை: கால் அங்குல விட்வொர்த் சாக்கெட் வேறு, கால் அங்குல ட்ரைவ் (கைப்பிடி மாட்டும் சதுர ஓட்டையின் அளவு) சாக்கெட் வேறு. நான் அவசரத்தில் மாற்றிப் போட்டு, திருப்பி அனுப்ப அலைந்தேன்.

டி.டி. வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு தலைவலி இருக்கிறது. அதன் எக்ஸ்.பி.ஏ.ஜி. இன்ஜினில் போல்ட் தலைகள் விட்வொர்த் அளவு, மரையோ மெட்ரிக். எம்.ஜி.யோடு ஒரே குடும்பமான மோரிஸ் கார் கம்பெனி 1923-இல் கோவென்ட்ரியில் இருந்த ஹாட்ச்கிஸ் என்ற பிரெஞ்சு கம்பெனியின் தொழிற்சாலையை வாங்கியபோது அங்கிருந்த பிரெஞ்சு மரையும் கூடவே வந்துவிட்டது. ஸ்பானர் பிரச்சினையே இல்லை, 1/4 W அழகாக ஏறும். போல்ட் தொலைந்து புதிது போடும்போதுதான் மாட்டுவோம். 5/16 பி.எஸ்.எஃப். பார்க்க ஒரே மாதிரி, இரண்டு சுற்று ஏறும், அப்புறம் இறுகி நிற்கும். அங்கே பலத்தைக் காட்டினால் பிளாக்கில் மரை போச்சு. வேண்டியது 8 எம்.எம்., 1 எம்.எம். பிட்ச் (ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் உள்ள இடைவெளி). கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் 8 எம்.எம். போல்ட் 1.25 பிட்ச், அதுவும் ஆகாது.

லூகாஸ் மின்சார இணைப்புகளுக்கும் எஸ்.யூ. கார்புரேட்டரின் சின்னச் சின்ன நட்டுகளுக்கும் பி.ஏ. என்ற இன்னொரு பழைய பிரிட்டிஷ் அளவு ஸ்பானர் வேண்டும், அதில் எண் ஏற ஏற அளவு சிறுக்கும். 2 பி.ஏ., 4 பி.ஏ. இரண்டும் இருந்தால் போதும், இதற்கு நல்ல பிராண்ட் தேடிப் பணம் கொட்ட வேண்டாம்.

ஐம்பதுகளின் நடுவில் வந்த எம்.ஜி.ஏ. போன்ற கார் என்றால் இவ்வளவு பாடு இல்லை, பெரும்பாலும் யு.என்.எஃப். என்ற அங்குல மரை, சாதாரண ஏ.எஃப். செட் போதும். போல்ட் தலையில் வட்டமான பள்ளமோ பக்கத்தில் ஒட்டிய சின்ன வட்டங்களோ இருந்தால் அது அந்த ரகம்.

இத்தனை வாங்கியும் கடைசியில் ஒரு நட்டுக்கு எதுவும் நுழையவில்லை. பழைய பிரிட்டூல் ஒன்றைப் பாதியாக அறுத்து, அடுப்பில் காய்ச்சி வளைத்துத்தான் கழற்றினேன். அதை விற்றவர் பார்க்காமல் இருந்தால் சரி.