சுவர் தேய்க்கும் மெஷின்: பெட்டியில் வரும் பையை நம்பாதீர்கள்

மெஷினுக்கு ஐந்துக்கு நான்கு மதிப்பெண். அதே பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும், தூசி பிடிக்கும் துணிப் பைக்குப் பூஜ்யம். இரண்டையும் பிரித்துச் சொல்லக் காரணம், கடைக்காரர் இரண்டையும் சேர்த்து "தூசியே வராது" என்று விற்கிறார் என்பதுதான். தூசி வரும். பையோடு ஓட்டினால், கையால் தேய்ப்பதைவிட அதிகமாகவே வரும்.

சேலத்தில் வீட்டு உட்புறப் பெயின்டிங் வேலை எடுத்துச் செய்கிறேன். பட்டி பார்ப்பது (சுவரில் மாவு போல் பூசிச் சமமாக்குவது), தேய்ப்பது, பிரைமர், எமல்ஷன் என எல்லாம் கைவேலையாகவே கற்றவன். மெஷின் வாங்குவதற்கு முன் இணையத்தில் தேடியபோது கிடைத்த விமர்சனங்கள் எல்லாம் பளபளப்பான சுவரின் படத்தோடு முடிந்துவிட்டன. தேய்த்தவனின் மூக்கையும் மார்பையும் பற்றி யாரும் எழுதவில்லை. ஆகவே இதை எழுதுகிறேன்.

நான் வாங்கியது நீண்ட கழுத்துள்ள, 225 மில்லிமீட்டர் வட்டத்தட்டு கொண்ட வகை. ஒரே அச்சில் வார்த்தது போன்ற மெஷின்கள் பல பெயர்களில் கிடைக்கின்றன. பெயரைப் பார்த்து வாங்கவேண்டிய பொருள் இல்லை இது. தட்டில் வெல்க்ரோவால் உப்புத்தாள் ஒட்டிக்கொள்ளும். தட்டைச் சுற்றி ஒரு மயிர் வளையம், அதற்குள் தூசி உறிஞ்சும் துளைகள், அங்கிருந்து பின்பக்கம் போகும் குழாய். வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு உண்டு. தட்டைச் சுற்றி எல்.இ.டி. விளக்கு இருக்கிறது; அலங்காரம் என்று நினைத்தேன், ஆனால் சுவரின் மேடுபள்ளத்தைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் காட்டிக்கொடுப்பது அதுதான். கழுத்து நீளமாக இருப்பதால் தரையில் நின்றபடியே சுவரின் மேல்பாதியை எட்டலாம். ஸ்டூலின்மேல் ஸ்டூல் போட்டு ஏறுகிற கண்றாவி இதனால் பெரும்பாலும் ஒழிந்தது. கீழே விழுந்து இடுப்பொடிந்த பெயின்டர்களைத் தெரிந்தவர்களுக்கு இந்த ஒன்றுக்காகவே நான்கு மதிப்பெண் கொடுக்கத் தோன்றும்.

இனி பை. ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் ஒரு காலி வீட்டில் இரண்டு அறைகளை எடுத்துக்கொண்டேன். இரண்டிலும் ஒரே பட்டி, ஒரே 180 எண் உப்புத்தாள் (எண் கூடக் கூடத் தாள் நைசு). முதல் அறையில் பெட்டியில் வந்த பையை மாட்டி ஓட்டினோம். இரண்டாவது அறையில் பையைக் கழற்றிவிட்டு வேக்குவம் (தூசி உறிஞ்சும் மெஷின்) மாட்டினோம். வேலை முடிந்ததும் ஜன்னலைச் சாத்தி, விளக்கை அணைத்து, டார்ச்சைக் குறுக்காக அடித்துப் பார்த்தேன். முதல் அறையில் டார்ச்சின் ஒளி வெள்ளைக் கம்பாக நின்றது. இரண்டாவது அறையில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் துகள் மிதந்ததே தவிர, எதிர்ச்சுவர் தெளிவாகத் தெரிந்தது. துணிப் பை கனமான பொடியைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. கண்ணுக்குத் தெரியாத நுண்பொடியைத் தையல் வழியாகவும் துணியின் கண் வழியாகவும் ஊதி வெளியே தள்ளிவிடுகிறது. நுரையீரலின் அடி வரைக்கும் போவது அந்த நுண்பொடிதான். இந்தச் சோதனைக்குச் செலவு எதுவும் இல்லை. உங்கள் வீட்டில் வேலை நடந்தால் நீங்களே டார்ச் அடித்துப் பாருங்கள்.

பட்டித் தூசியைச் சுண்ணாம்புப் பொடி மாதிரி நினைத்து அலட்சியம் செய்கிறவர்களே அதிகம். வெள்ளை சிமென்ட் பட்டியில் சிமென்டின் காரமும் இருக்கிறது. வியர்வையோடு சேர்ந்தால் கழுத்து மடிப்பில் எரியும். கண்ணில் விழுந்தால் கசக்காமல் ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடமாவது கழுவவேண்டும். கையால் தேய்க்கிறவன் பூச்சு தெரிந்ததும் நிறுத்திவிடுவான். மெஷின் நிறுத்தாது, கொஞ்சம் அழுத்தினால் பட்டியைத் தாண்டி மணல் பூச்சையும் அரைத்துவிடும். மணல் என்றால் சிலிக்கா. சுவாசிக்கும் அளவுக்குப் பொடியான சிலிக்கா புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1997-லேயே முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. சிலிக்காத் தூசியால் நுரையீரல் தழும்பேறும் சிலிகோசிஸ் நோய் வந்துவிட்டால் நுரையீரலைப் பழையபடி ஆக்கும் மருந்து கிடையாது. அதே அமைப்பு பெயின்டர் வேலையையே 1989-இல் அந்தப் பிரிவில் வைத்திருக்கிறது. இதை என் ஆட்களிடம் சொன்னபோது ஒருவர், "அப்படியென்றால் கூலியை ஏற்றிக் கொடுங்கள் அண்ணே" என்றார். நியாயமான பேச்சுத்தான். ஆனால் கூலியை ஏற்றினாலும் தூசி உள்ளேதான் போகும் என்று சொல்லி மாஸ்க்கைக் கையில் கொடுத்தேன்.

வேக்குவத்தைப் பற்றி விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் பணம் போகவேண்டிய இடம் இதுதான். வீட்டில் சோபா துடைக்கும் வேக்குவத்தை மாட்டாதீர்கள். அதன் வடிகட்டி சிறிது நேரத்தில் அடைத்துக்கொள்ளும். அடைக்காத வரை பின்பக்கத் துளை வழியாக நுண்பொடியை அறைக்கே திருப்பி அனுப்பும். தொழில் வேக்குவங்களுக்கு ஐரோப்பியக் கணக்கில், தூசியின் ஆபத்துக்கு ஏற்ப எல், எம், எச் என்று மூன்று தரம் உண்டு. சிமென்ட், மணல் தூசிக்கு எம் தரம் வேண்டும். ஈயம், கல்நார் போன்றவற்றுக்கு எச். எம் தர வேக்குவத்தின் விலை தேய்க்கும் மெஷினைவிட அதிகம். கடைக்காரர்கள் அதைக் காட்டாமல் பையைக் காட்டுவதன் ரகசியம் புரிகிறதா?

செலவைக் கொஞ்சம் குறைக்க ஒரு வழி இருக்கிறது. மெஷினுக்கும் வேக்குவத்துக்கும் நடுவே சுழல்வாளி ஒன்றை வைத்தால், காற்று உள்ளே சுழலும்போது கனமான பொடி பெரும்பகுதி வாளியிலேயே தங்கிவிடும். வடிகட்டிக்கு மிச்சம் மட்டுமே போகும். வடிகட்டி நீடித்து உழைக்கும், உறிஞ்சும் வேகமும் குறையாது. வாளியையும் வேக்குவத்தின் பையையும் காலி செய்கிற நேரத்தில்தான் பலர் மாஸ்க்கைக் கழற்றிவிடுகிறார்கள். அன்றைக்குப் பிடித்த தூசியெல்லாம் ஒரே இடத்தில் குவிந்திருக்கும் நேரம் அது! வெளியே கொண்டுபோய், தண்ணீர் தெளித்து, மாஸ்க்கோடு கொட்டவேண்டும். அறையைத் துடைப்பத்தால் கூட்டவும் கூடாது. ஈரத் துணியால் துடைக்கவேண்டும்.

வேக்குவம் இருந்தாலும் மாஸ்க் கட்டாயம். வட்டத்தட்டு மூலைக்குள் போகாது. அறையின் நான்கு மூலைகளும் கூரையை ஒட்டிய விளிம்பும் கைவேலைதான். துண்டைச் சுற்றிக் கட்டுவதும் மருத்துவமனை மாஸ்க் போடுவதும் மனத் திருப்திக்கு மட்டுமே. என்-95, அல்லது ஐ.எஸ். 9473 என்ற இந்தியத் தர முத்திரையோடு வரும் எஃப்.எஃப்.பி.-2 மாஸ்க் வேண்டும். காதில் மாட்டும் கயிறு இல்லாமல், தலைக்குப் பின்னால் இரண்டு பட்டை போகிற வகையாகப் பார்த்து வாங்குங்கள். காதுக் கயிறு கன்னத்தில் அழுத்தமாகப் பிடிக்காது. மூச்சு முட்டுகிறது என்று புலம்புகிறவர்களுக்கு வால்வு வைத்தது கொடுக்கலாம், தூசி வேலைக்கு அதனால் குறையில்லை.

எங்கள் ஊரில் இதற்கு ஒரு பருவச் சிக்கல் உண்டு. கார்த்திகை பிறந்ததும் ஆட்களில் பாதிப் பேர் மாலை போட்டுக்கொள்வார்கள், தாடி வளரும். தாடிக்கு மேல் எந்த மாஸ்க்கும் ஒட்டாது. முடியின் இடைவெளி வழியாகத் தூசி நேராக உள்ளே போகும். சாமிகளைத் தாடியை எடுக்கச் சொல்ல முடியாது, சொல்லவும் மாட்டேன். அந்த மாதங்களில் அவர்களுக்கு ரோலர் வேலை. தேய்ப்பது மழித்த முகங்களுக்கு. பொங்கலுக்கு முந்தைய நெருக்கடியில் இந்தப் பங்கீடு எனக்குப் பெரும் தலைவலி, இருந்தாலும் வேறு வழியில்லை.

மின்சாரத்தைப் பற்றி இரண்டு வரி. தேய்க்கும் அறைக்குப் போகும் மின்சாரத்தைத் துண்டிக்கும் எம்.சி.பி. சுவிட்சை இறக்கிவிட்டு, அடுத்த அறையிலிருந்து மெஷினுக்கு லைன் எடுப்பேன். இறக்காவிட்டால், சுவிட்சு போர்டின் முகப்புத் தகட்டைத் தட்டு ஒரு முறை இடித்துப் பெயர்த்தால் உள்ளே இருப்பது உயிருள்ள கம்பி. மின்சாரம் கசிந்தால் உடனே நிறுத்திவிடும் 30 மில்லி ஆம்பியர் கசிவுத் துண்டிப்பான் வீட்டில் இல்லையென்றால், அது வைத்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸையே கொண்டுபோகிறேன். ஈரச் சுவரில் மெஷின் வைப்பதில்லை. மின்விசிறி, ஏ.சி. இரண்டும் நிறுத்தம்; ஏ.சி.யைப் பிளாஸ்டிக் தாளால் மூடி டேப் ஒட்டிவிடுவோம், இல்லாவிட்டால் அடுத்த கோடை வரை அது தூசியைத் துப்பும்.

இந்த மெஷினால் செய்யவே கூடாத வேலை ஒன்று உண்டு. அம்மாப்பேட்டையில் ஒரு பழைய வீடு. சமையலறையிலும் கூடத்திலும் இடுப்பு உயரத்துக்குப் பச்சை ஆயில் பெயின்ட். வீட்டுக்காரர், "புது மெஷின் இருக்கிறதே, ஒரே ஓட்டாக ஓட்டி எடுத்துவிடுங்கள்" என்றார். மாட்டேன் என்றேன். வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்மைத் (பத்து லட்சம் பங்கில் 90 பங்கைத்) தாண்டக் கூடாது என்ற மத்திய அரசின் விதி 2016-இல் வந்து, 2017 நவம்பரில் நடைமுறையானது. அதற்கு முன் அடித்த எனாமலில் (ஆயில் பெயின்டில்), அதுவும் மஞ்சள், சிவப்பு, பச்சை நிறங்களில், ஈயம் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. மெஷின் வைத்தால் அந்த ஈயம் பொடியாகி வீடு முழுக்கப் படியும். தரையில் தவழ்கிற குழந்தை கையை வாயில் வைக்கும். இந்த அளவு ஈயம் உடம்புக்குக் கெடுதல் இல்லை என்று சொல்லத்தக்க அளவே கிடையாது என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. அந்த வீட்டில் மருமகள் கர்ப்பமாக இருந்தார். அவரையும் வீட்டுக் குழந்தையையும் வேலை முடியும்வரை உறவினர் வீட்டுக்கு அனுப்பச் சொன்னேன். நல்ல பிடிப்போடு இருந்த பெயின்டைத் தொடவே இல்லை. உரிந்த இடங்களில் மட்டும் தண்ணீர் தெளித்து வாட்டர் பேப்பரால் தேய்த்தோம். சேற்றைத் துணியால் வழித்துப் பையில் கட்டினோம். தீ விளக்கால் சுட்டு உரிக்கும் பழைய முறை இதற்கு இன்னும் மோசம், ஈயம் புகையாகக் கிளம்பும். வேலை இரண்டு மடங்கு நேரம் இழுத்தது. வீட்டுக்காரர் முகம் சுளித்தார், பிறகு அவர் மனைவி அவரைப் பார்த்த பார்வையில் அடங்கிவிட்டார்.

தேய்த்து முடித்ததும் அதே மாஸ்க்கோடு பெயின்ட் அடிக்கப் போகிறவர்களுக்கு: தண்ணீர் கலக்கும் எமல்ஷனுக்கு ஜன்னலைத் திறந்துவைத்தால் போதும். கதவுக்கு எனாமல், தின்னர் என்று இறங்கினால் என்-95 அந்த ஆவியைத் தடுக்காது. நாற்றம் தெரிகிறது என்றாலே அது உள்ளே போகிறது என்று பொருள். கரித்தூள் அடைத்த டப்பா மாட்டும் ரப்பர் மாஸ்க்தான் வேண்டும். தின்னர் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழும். வெள்ளிக்கிழமை மாலையில் தின்னர் டப்பா திறந்திருக்க, பக்கத்துப் பூஜை அறையில் அம்மா ஒருவர் தீப்பெட்டியை உரசப் போனதைப் பார்த்து நான் போட்ட கூச்சலில் தெருவே எட்டிப்பார்த்தது. வெள்ளிக்கிழமைகளில் எனாமல் வேலை வைப்பதை அதோடு விட்டேன்.

கழித்த ஒரு மதிப்பெண்ணின் கணக்கு: எடை நான்கு கிலோவுக்கு மேல், கூரை தேய்க்கும்போது தோள் கெஞ்சும், ஆளை மாற்றி மாற்றித்தான் ஓட்டவேண்டும். 120 எண் தாளில் வேகத்தைக் கூட்டினால் வட்டவட்டமாகக் கோடு விழுகிறது, எமல்ஷன் காய்ந்தபின் மாலை வெயிலில் அத்தனையும் தெரியும்; நிதான வேகத்தில் 180, பிறகு 240 என்று போனால் விழுவதில்லை. சத்தம் காதைத் துளைக்கிறது, காதடைப்பான் போடுகிறோம். வலைபோல் துளையுள்ள தாள் சாதாரணத் தாளைவிட நன்றாகத் தூசியை விடுகிறது. விலை கூட, ஆனால் சீக்கிரம் அடைப்பதில்லை.

வருடத்தில் ஓரிரு வீடு மட்டும் எடுப்பவர்கள் வாங்கவேண்டாம், வாடகைக்கு எடுங்கள்; எடுக்கும்போது வேக்குவத்தோடு சேர்த்து எடுங்கள், தனி மெஷின் மட்டும் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வீட்டுக்காரர்கள் காண்டிராக்டரிடம் "மெஷினில் தேய்ப்பீர்களா" என்று கேட்பதற்குப் பதில், "தூசி எதில் போகும்" என்று கேளுங்கள். நான் வேக்குவத்தோடு தேய்க்கச் சதுர அடிக்கு இரண்டு ரூபாய் கூடுதலாக வாங்குகிறேன். தூசித் தாள் விரிப்பது, வீடு கழுவுவது எல்லாம் குறைவதால் பெரும்பாலோர் பேரம் பேசுவதில்லை.

தீராத தொல்லை ஒன்று மட்டும் பாக்கி. பிளாஸ்டிக் குழாயில் உலர்ந்த பொடி ஓட ஓட மின்னேற்றம் சேர்ந்து, வாளியைத் தொடும்போது சுரீரென்று அடிக்கிறது. ஆளைக் கொல்லாது, ஆனால் ஏணியில் நிற்பவன் திடுக்கிட்டால் ஆபத்து. அதற்கென்று மின்னேற்றம் சேராத கறுப்புக் குழாய் இருக்கிறது. செவ்வாய்ப்பேட்டையில் கேட்டுப்பார்த்தேன், இல்லை என்கிறார்கள். 38 மில்லிமீட்டரில் கிடைக்கும் கடை சேலத்திலோ ஈரோட்டிலோ தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள்.