“போப் ஆண்டவர் மந்திரித்த 916 தங்கம்”: புக்கிட் மெர்தாஜாம் திருவிழாவுக்குப் போகிறவர்கள் கவனிக்க

பதக்கத்தின் பின்புறத்தில் நட்சத்திரங்களை எண்ணிப் பார்த்தது எங்கள் அத்தைதான். எழுபத்தெட்டு வயது; இரண்டு கண்களிலும் புரை அறுவை செய்துகொண்டவர். பதக்கத்தைப் புரட்டி, விரல் நுனியால் தடவித் தடவி எண்ணிவிட்டு, “பத்துதானே அம்மா இருக்கிறது?” என்றார். “சின்னப் பதக்கம் அத்தை, இடம் போதாமல் விட்டிருப்பார்கள்” என்று சொல்லிவிட்டு நான் சமையலறைக்குள் போய்விட்டேன். 1,800 ரிங்கிட் கொடுத்து வாங்கியவளுக்கு அப்படித்தான் காரணம் தோன்றும்.

அற்புதப் பதக்கம் என்று நாம் அணிவது 1830ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் புனித கத்தரீன் லபூரே கண்ட காட்சியின்படி வடிக்கப்பட்டது. பின்புறத்தில், மேலே சிலுவை நிற்கும் ‘M’ என்ற மரியாளின் முதலெழுத்து, அதற்குக் கீழே முள்முடி சூழ்ந்த ஓர் இருதயம், வாள் ஊடுருவிய ஓர் இருதயம், சுற்றிலும் பன்னிரண்டு நட்சத்திரங்கள். சிறு வயதில் ஞாயிறு மறைக்கல்வியில் நானே இதை ஒப்பித்திருக்கிறேன். பெட்டியைத் திறந்தபோது அதெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். ஜூலை மாதம் புனித அன்னம்மாள் திருவிழாவுக்குப் பினாங்குத் தீவிலிருந்து படகில் பட்டர்வொர்த் போய், அங்கிருந்து ரயிலில் புக்கிட் மெர்தாஜாம் போனேன். 2019இல் அந்த ஆலயம் பேராலயத் தகுதி பெற்ற பிறகு கூட்டம் இன்னும் பெருகிவிட்டதாகவே எனக்குப் படுகிறது. மல்லிகைச் சரமும் மெழுகுவர்த்தியுமாக நம் ஆட்கள், ஊதுபத்தியோடு வரும் சீனர்கள், சபா மாநிலத்திலிருந்து வந்த குடும்பங்கள் என்று ஒன்பது நாள் செபமான நவநாள் முழுவதும் சாலை அடைத்துக் கிடக்கும். கடைகளும் அப்படியே. ஒன்றை இங்கேயே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: நான் ஏமாந்தது ஆலய வளாகத்துக்குள் இல்லை. வெளியே, கூடாரக் கடைகள் வரிசையில்.

அந்தக் கடை மற்றவற்றைப் போல இல்லை. இருட்டில் ஒளிரும் பிளாஸ்டிக் செபமாலைகளும் தொப்பிகளும் அங்கே தொங்கவில்லை. வெள்ளைத் துணி விரித்த மேசை, ஊதா வெல்வெட் பெட்டிகள், கழுத்தில் மரச்சிலுவை அணிந்த ஓர் இளைஞர். “மரியே வாழ்க அம்மா” என்றுதான் பேச்சைத் தொடங்கினார். என் ஞானமகளுக்கு அடுத்த மாதம் புதுநன்மை, அதாவது முதல் முறை நற்கருணை வாங்கும் நாள். அவளுக்கு ஒரு பதக்கம் வேண்டும் என்றேன். உடனே மேசைக்கு அடியிலிருந்து ஒரு பெட்டி வந்தது. சங்கிலியும் பதக்கமும் 916 தங்கம், ரோமிலிருந்து வந்தது, போப் ஆண்டவர் கையால் மந்திரித்தது (ஆசி கூறிப் புனிதப்படுத்தியது), சான்றிதழும் உண்டு என்றார். சின்னத் தராசில் வைத்துக் காட்டினார்: நான்கு கிராமுக்குச் சற்று மேல். கொக்கியின் அருகே 916 என்ற முத்திரையும் இருந்தது. விலை 1,650. அதற்கு மேல் “மந்திரிப்புக் காணிக்கை” 150.

மார்க்கெட் ஸ்திரீட் நகைக்கடையில் நான் அரை கிராம் மூக்குத்தி வாங்கினாலும் பலகையில் அன்றைய விலையைப் பார்ப்பேன், கூலியில் வாதாடுவேன், எடையும் தரமும் கூலியும் தனித்தனியாக எழுதிய ரசீதை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொள்ளாமல் படியிறங்க மாட்டேன். அன்று அந்த மேசைக்கு முன்னால் இவற்றில் ஒன்றைக்கூடச் செய்யவில்லை. மாதாவின் பதக்கத்துக்குப் பேரம் பேசுவதா என்ற கூச்சம். “ரசீது கொடுங்கள் தம்பி” என்று ஒரு தடவை கேட்டேன், உண்மைதான். பூவேலை செய்த அட்டை ஒன்றில் தொகையை மட்டும் எழுதிக் கொடுத்தார். கடைக்கு ஒரு பக்திப் பெயர், கீழே கைத்தொலைபேசி எண், ஒரு மூலையில் புறாப் படம். முகவரி இல்லை, நிறுவனப் பதிவு எண் இல்லை. எனக்கு அது உறுத்தவே இல்லை.

புதுநன்மையன்று பிள்ளை பதக்கத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மூன்றாவது வாரம் அவளுடைய அம்மா என்னைக் கூப்பிட்டு, கழுத்தைச் சுற்றி சிவப்பாகத் தடித்திருக்கிறது, இரவெல்லாம் சொறிகிறாள் என்றார். கிளினிக்கில் டாக்டர் முதலில் கேட்ட கேள்வியே “என்ன சங்கிலி போட்டிருக்கிறாள்?” என்பதுதான். மலிவான உலோகக் கலவையில் இருக்கும் நிக்கல் பலருக்கு இப்படி ஒவ்வாமையை உண்டாக்கும் என்றார். தங்கம்தான் டாக்டர் என்று நான் அடித்துச் சொன்னேன்.

மறுநாளே லிட்டில் இந்தியாவில் எங்கள் குடும்பத்துக்கு நாற்பது ஆண்டுகளாகப் பழக்கமான பத்தரிடம் எடுத்துப் போனேன். அவர் முத்திரையைப் பார்க்கவே இல்லை. “எண்ணைப் பொறிக்க ஓர் அச்சு இருந்தால் போதும்” என்றார். சங்கிலியின் ஒரு கண்ணியை அரத்தால் லேசாக ராவி, உரைகல்லில் தேய்த்து, திராவகம் ஒரு துளி விட்டார். பச்சையாக நுரைத்தது. செம்பு கலந்த பித்தளை. பதக்கத்தில் விட்டபோது பால் திரிந்தது போல வெளுத்தது; அது வெள்ளி. “பதக்கம் வெள்ளி, சங்கிலி பித்தளை, இரண்டுக்கும் மேலே தங்க முலாம். நூற்றைம்பது வெள்ளி பெறுமா என்று பார்க்க வேண்டும்” என்றார். என் தந்தை காலத்து மனிதர், ரிங்கிட்டை இன்னும் வெள்ளி என்றுதான் சொல்வார். அந்த நேரத்தில் எனக்கு எந்த வெள்ளியைச் சொல்கிறார் என்றே குழம்பிவிட்டது.

அட்டையிலிருந்த எண்ணுக்கு அழைத்தேன். எடுத்தார். முதலில் அதே “மரியே வாழ்க”. விஷயத்தைச் சொன்னதும் குரல் மாறவில்லை, இன்னும் மென்மையாகிவிட்டது. அதுதான் எனக்கு இன்றுவரை ஆறாத எரிச்சல். “அம்மா, மந்திரித்த பொருளை நாங்கள் திருப்பி வாங்க முடியாது. அது திருச்சபைச் சட்டம். நீங்கள் சந்தேகத்தோடு அணிவித்ததால்தான் பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு நவநாள் செய்யுங்கள்” என்றார். எட்டு வயதுப் பிள்ளையின் கழுத்தில் நிக்கல் புண். அதற்கு என் விசுவாசக் குறைவு காரணம்! அதன் பிறகு அந்த எண் எடுக்கப்படவில்லை.

அந்தச் “சட்டத்தை” எங்கள் பங்குத்தந்தையிடம் கேட்டேன். சிரித்துவிட்டார். சட்டம் தலைகீழாக இருக்கிறது என்றார். மந்திரித்த பொருளை விற்றுவிட்டால் அதைப் பயன்படுத்துவதால் கிடைக்கும் பரிபூரண பலன் (பாவத்துக்கான தண்டனையிலிருந்து விடுதலை) அற்றுப்போகும் என்பதுதான் திருச்சபையின் நெறி. புனிதர்களின் திருப்பண்டங்களை விற்பதோ முற்றிலும் தடை. திருச்சபைச் சட்டத்தில் 1190ஆம் பிரிவு. ஆகவே “மந்திரித்தது” என்று விலைச்சீட்டு ஒட்டி விற்கிறவர், தான் விற்கும் சரக்கின் மதிப்பைத் தானே அழித்துக்கொண்டு விற்கிறார்.

சான்றிதழையும் காட்டினேன். ரோமில் புதன்கிழமைப் பொதுச் சந்திப்பின் முடிவில் போப் ஆண்டவர் ஆசி வழங்கும்போது, கூடியிருப்பவர்கள் கையில் வைத்திருக்கும் செபமாலை, பதக்கம் எல்லாவற்றுக்கும் சேர்த்தே ஆசி. தனித்தனிப் பதக்கத்துக்குக் கையெழுத்திட்டுக் காகிதம் கொடுக்கும் வழக்கம் இல்லை. போப் ஆண்டவரின் ஆசிப்பத்திரம் என்று ஒன்று உண்டு. அது திருமுழுக்கு, திருமணம் போன்ற நிகழ்வுகளுக்காக ஆட்களுக்குக் கொடுக்கப்படுவது. அதையும் 2015 முதல் வத்திக்கானின் தர்மப்பணி அலுவலகம் மட்டுமே வழங்குகிறது. கடைகளுக்கு முன்பு இருந்த அனுமதியும் நீக்கப்பட்டுவிட்டது. என்னிடம் இருந்த தாளில் வத்திக்கான் சின்னத்தின் சாவிகளில் ஒன்று பாதி வெட்டுப்பட்டு அச்சாகியிருந்தது. பத்து நட்சத்திரப் பதக்கத்துக்குப் பொருத்தமான சான்றிதழ்தான்.

கடைசியில் நான் கேட்டேன்: “ஃபாதர், நீங்கள் மந்திரிக்க எவ்வளவு?” பூசை முடிந்ததும் பீடத்துக்குப் பக்கத்தில் கொண்டுவாருங்கள், ஒரு நிமிடம் ஆகும் என்றார். எனக்கு இது தெரியாதா? காலம் காலமாகப் புதுவீட்டுச் சாவி முதல் மோட்டார் சைக்கிள் வரை ஒரு காசு இல்லாமல் மந்திரித்துக் கொண்டுவந்த குடும்பம்தான் எங்களுடையது. அந்த 150 ரிங்கிட்டை எண்ணிக் கொடுத்தபோது மட்டும் மறந்துவிட்டது.

அலுவலகத்தில் கூட வேலை செய்யும் லூத்தரன் நண்பர் கதையைக் கேட்டு, “1517இல் எங்கள் ஆள் மார்ட்டின் லூதர், பலன்களைக் காசுக்கு விற்கிறார்கள் என்று இதற்காகத்தானே சண்டை போட்டார்” என்று தேநீர்க் கோப்பையை உயர்த்தினார். பெந்தெகொஸ்தே சபைக்குப் போகும் என் நாத்தனார் எதுவும் சொல்லவில்லை. காதும் கழுத்தும் மூளியாக எதிரே உட்கார்ந்திருந்தார், அதுவே போதும். ஆனால் நகையே கூடாது என்ற முடிவுக்கு என்னால் வர முடியவில்லை. என் தாலியில் சிலுவை பொறித்திருக்கிறது. என் பாட்டி ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர்; கன்னியர் கொடுத்த அலுமினியப் பதக்கம் ஒன்றைக் கறுப்புக் கயிற்றில் கட்டிக்கொண்டு சாகும்வரை கழற்றவில்லை. அதன் விலை சில சென்னுக்கு மேல் இருக்காது. அதற்காக விலை கூடிய பதக்கம் வாங்குவது பாவமும் இல்லை. பொன்னை வாங்கினால் பொன்னுக்கு விலை கொடுங்கள், கூலிக்குக் கூலி கொடுங்கள். இரண்டிலும் அடங்காத ஒரு தொகை பக்தியின் பெயரில் வந்தால், அந்த இடத்தில் பணப்பையை மூடிவிடுங்கள். அந்த மேசையில் “பணச் சிலுவை” என்றும் ஒன்று இருந்தது. பணப்பைக்குள் வைத்தால் கடன் தீருமாம். அதைப் பார்த்த பிறகும் நின்று வாங்கினேனே என்றுதான் இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்கும் போனேன். 50,000 ரிங்கிட் வரையான கோரிக்கைகளை விசாரிக்கிறார்கள், கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் வேண்டியதில்லை, மூன்று ஆண்டுகளுக்குள் போனால் போதும். பத்தர் எழுதிக் கொடுத்த சீட்டு, கிளினிக் ரசீது, பெட்டி, சான்றிதழ் எல்லாம் ஓர் உறையில் தயாராக இருக்கின்றன. ஆனால் படிவம் 1இல் எதிர்த்தரப்பின் பெயரும் முகவரியும் வேண்டும். புறாவுக்கு முகவரி இல்லை.

பிள்ளையின் கழுத்து ஆறிவிட்டது. அத்தை தன் பெட்டியிலிருந்து பாட்டியின் அலுமினியப் பதக்கத்தை எடுத்து, கயிறு மாற்றி அவளுக்குக் கட்டிவிட்டார். பன்னிரண்டு நட்சத்திரங்களையும் அவளையே எண்ணவைத்த பிறகுதான் முடிச்சுப் போட்டார்.

ஜூலை 26 மறுபடி வரும். ஊதா வெல்வெட் பெட்டி, உட்புற மூடியில் தங்க எழுத்தில் “ரோமா”, பூவேலை செய்த அட்டை, மூலையில் புறா. இதே பெட்டியை வாங்கிய யாரிடமாவது முறையான ரசீதோ முகவரியோ இருந்தால் எனக்கு எழுதுங்கள். படிவத்தில் அந்த ஒரு வரி மட்டும்தான் நிரப்பாமல் இருக்கிறது.