கிட் சப்மாட்யூலோடு நாலு வருஷம்

கோடில் செய்யும் மாற்றங்களையெல்லாம் பதிந்து வைக்கும் கிட்டில், ஒரே ரெப்போவில் (கோடும் அதன் ஹிஸ்டரியும் இருக்கும் இடம்) கிடந்த எங்கள் ப்ராஜெக்டை நாலு வருஷத்துக்கு முன்னால் டீம்வாரியாக 11 ரெப்போவாகப் பிரித்து, எல்லாவற்றையும் ஒரு தாய் ரெப்போவில் சப்மாட்யூலாக, அதாவது உள்ளே உட்காரும் பிள்ளை ரெப்போவாகச் சேர்த்தோம். இதில் முதலில் மண்டையில் ஏற வேண்டியது, தாய் ரெப்போ பிள்ளையின் பிராஞ்சை (வேலை நகரும் கிளையை) பார்ப்பதே இல்லை, ஒரு கமிட்டின் (பதிந்து வைத்த ஒரு மாற்றத்தின்) ஹாஷை, அதாவது அதன் அடையாள எண்ணை மட்டும் குறித்து வைத்துக்கொள்கிறது. ஆறு மாதம் முந்தைய ரிலீஸை அச்சு அசலாகத் திரும்ப பில்டு செய்ய வேண்டிய நாளில் அது வரம். மற்ற நாளெல்லாம் தலைவலி.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒருவர் பொது லைப்ரரியில் கமிட் போட்டார், தாய் ரெப்போவை மட்டும் சர்வருக்குப் புஷ் செய்துவிட்டு பஸ் பிடிக்கக் கிளம்பிவிட்டார். அவர் மெஷினில் எல்லாம் ஓடுகிறது, எங்களுக்கோ 'நாட் அவர் ரெஃப்' என்று எரர். சர்வருக்கே வராத கமிட்டை எங்கே போய்த் தேடுவது? அவர் வீடு போய் லேப்டாப்பைத் திறக்கும் வரை ஐந்து பேரும் டீ குடித்துக்கொண்டிருந்தோம். திங்கட்கிழமை முதல் வேலையாக எல்லார் மெஷினிலும் 'புஷ்.ரிகர்ஸ்சப்மாட்யூல்ஸ்' என்ற செட்டிங்கை 'செக்' என்று மாற்றினோம். பிள்ளையில் பாக்கி இருந்தால் தாயின் புஷ் நின்றுவிடும். 'ஆன்-டிமாண்ட்' என்று வைத்தால் அதையும் சேர்த்தே அனுப்பிவிடும்தான், ஆனால் என்ன போகிறது என்று கண்ணால் பார்க்காமல் அனுப்ப எனக்கு மனசு வராது.

அப்புறம் அந்த டிடாச்டு ஹெட். அப்டேட் கொடுத்ததும் சப்மாட்யூல் எந்த பிராஞ்சிலும் இல்லாமல் அந்தரத்தில் நிற்கும், அங்கேயே கமிட் போட்டு, அடுத்த அப்டேட்டில் அதைக் காணாமல் தேடி, ரெஃப்லாகை (எந்தெந்த கமிட்டில் நின்றோம் என்று கிட் வைத்திருக்கும் பட்டியலை) தோண்டி எடுத்தது எனக்கே மூன்று முறை.

ஆண்ட்ராய்டின் நூற்றுக்கணக்கான கிட் ரெப்போக்களைக் கட்டி மேய்க்க கூகுள் எழுதிய 'ரெப்போ' டூலையும் கொஞ்ச நாள் ஓட்டிப் பார்த்தோம். (அதே கூகுள் தன் சொந்தக் கோடில் பெரும்பகுதியை ஒரே ரெப்போவில் வைத்திருப்பது தனிக் கதை.) எந்தெந்த ரெப்போ வேண்டும் என்று எக்ஸ்எம்எல் மேனிஃபெஸ்ட் ஒன்று எழுதினால் போதும், ஒரே 'சிங்க்'கில் எல்லாம் வந்துவிடும். ஆனால் அதன் 'அப்லோட்' ஜெரிட் என்ற கோட் ரிவ்யூ சர்வரை நம்பி இருக்கிறது, எங்களிடம் ஜெரிட் இல்லை. விட்டுவிட்டோம்.

உண்மையான தொல்லை டூலில் இல்லை. ஒரு ஃபீச்சருக்கு மூன்று ரெப்போவில் மூன்று புல் ரிக்வெஸ்ட் (என் மாற்றத்தைச் சேர்த்துக்கொள் என்ற கோரிக்கை), எதை முதலில் மெர்ஜ் செய்வது என்று தினம் ஒரு பஞ்சாயத்து. போன வருஷம் லாகை எடுத்துப் பார்த்தால் ஏபிஐ, வெப், ஸ்கீமா என்ற மூன்று ரெப்போவும் எப்போதும் சேர்ந்தேதான் மாறியிருக்கின்றன. எது தனியாக ரிலீஸ் ஆகிறது என்று பார்த்துப் பிரித்திருக்க வேண்டும், நாங்கள் யார் எந்த டீம் என்று பார்த்துப் பிரித்தோம். சரி, மூன்றையும் ஹிஸ்டரியைத் திருத்தி எழுதும் ஃபில்டர்-ரெப்போ டூலால் தனித்தனி ஃபோல்டருக்குள் தள்ளி, ஹிஸ்டரியோடு ஒன்றாக்கினோம். ஹாஷ் எல்லாம் மாறிவிட்டதால் பழைய டிக்கெட்டுகளில் ஒட்டிய லிங்க்குகளுக்காகப் பழைய மூன்றையும் ரீட்-ஒன்லியாக வைத்திருக்கிறோம். மொபைல் எஸ்டிகே (ஆப் எழுதுவோருக்கான டூல்கிட்) மட்டும் தனியாக ரிலீஸ் ஆகிறது, அது இன்னும் சப்மாட்யூல்தான், மாற்றும் எண்ணமும் இல்லை.